வேகம் யாருடைய கணக்கில்?

கண்டியிலிருந்து கம்பளைக்குப் பஸ்ஸில் போய்வருவோருக்கு இது பழகிய காட்சி. பட்டணத்தை விட்டுப் புறப்படும் தனியார் பஸ் பேராதனை மட்டும் ஆமைபோல் ஊர்ந்து செல்லும். தரிப்பிடந்தோறும் நிற்கும், நிற்க வேண்டாத இடத்திலும் நிற்கும். நடத்துநர் கீழே இறங்கி ஊர்ப் பெயர்களை ராகம்போட்டுக் கூவுவார். உள்ளே இருப்பவர்கள் முணுமுணுக்கத் தொடங்குவார்கள். அந்த வேளையில் பின்னால் அதே பாதையில் ஓடும் மற்றொரு பஸ்ஸின் ஹோர்ன் கேட்கும். அவ்வளவுதான்! தூங்கி வழிந்த வண்டி துள்ளி எழும். கெலிஓயாக் கடைத்தெருவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மஞ்சட் கோடும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னுக்குப் பறக்கும்.

அப்படியான ஓட்டமொன்றில் நான் சாரதிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவருடைய தலைக்கு மேலே பிள்ளையார், புத்தபெருமான், வேளாங்கண்ணி மாதா ஆகிய மூவரும் வர்ண விளக்குகளுக்கு நடுவே ஒற்றுமையாக வீற்றிருந்தார்கள். வேகத்தைக் காட்டும் முள்ளோ பூச்சியத்தில் உயிரற்றுக் கிடந்தது. இறங்கும்போது, “தம்பி, ஏன் இவ்வளவு ஓட்டம்?” என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. “ஐயா, முன்னுக்குப் போறவனுக்குத்தான் சனம். பின்னுக்குப் போறவனுக்குக் காத்துத்தான்” என்றார்.

அவர் சொன்னது பொய்யன்று. 1958இல் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டது. 1970களின் இறுதியில் தனியாருக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. அன்று தொடக்கம் பல பாதைகளில் சாரதியின் பிழைப்பு அன்றைய வசூலோடு கட்டப்பட்டிருக்கிறது. முதலாளிக்குச் சேரவேண்டியது சேர்ந்த பிறகுதான் அவர் வீட்டுக்கு அரிசி. ஊர்வதும் அதற்காக, பறப்பதும் அதற்காக. ஆகவே அந்த மனிதர் வேகத்தின்மேல் மோகங்கொண்டவர் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் வசூல் இல்லாதவர்கள் ஏன் ஓடுகிறார்கள்? சொந்தக் காரில் போகும் உத்தியோகத்தருக்கு எந்த முதலாளி? பட்டணப் பகுதிகளில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். 10 கிலோமீற்றரை அந்த வேகத்தில் கடக்க 12 நிமிடம் செல்லும். 70இல் ஓடினால் எட்டரை நிமிடம். மிச்சம் மூன்றரை நிமிடம்! அதையும் பேராதனை நெரிசல் ஒரே விழுங்கில் விழுங்கிவிடும். கணக்குத் தெரிந்தவர்களே இந்த நட்டக் கணக்கைப் போடுகிறார்கள்.

நேரம் வெறும் சாட்டு என்றே நினைக்கிறேன். “எனக்கு ஓடத் தெரியும்” என்ற எண்ணந்தான் உள்ளே இருக்கிறது. சட்டம் தெரியாதவனுக்கு, அனுபவம் இல்லாதவனுக்கு, எனக்கல்ல. பத்து வருடமாக விபத்தில்லாமல் ஓடியது அதற்குச் சான்றாகிறது. அந்தப் பத்து வருடமும் வீதிக்கு ஓடிவராத குழந்தைகளை எவர் எண்ணிப்பார்க்கிறார்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எதிரே வரும் வாகனம் விளக்கை இரண்டு முறை மின்னிக் காட்டினால், வளைவுக்கு அப்பால் பொலிசார் நிற்கிறார்கள் என்று பொருள். முன்பின் அறியாதவருக்குச் செய்யும் இந்த உபகாரத்தை நல்லவர்களும் செய்கிறார்கள். சட்டம் தமக்கும் பொலிசாருக்கும் நடக்கும் ஒளித்துப்பிடி விளையாட்டு என்றே எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். பிடிபட்டால் தண்டப் பணம். கட்டினால் கணக்குத் தீர்ந்தது.

இந்த நினைப்புக்கு இறையியலில் ஒரு பழைய உறவினர் உண்டு என்றால் வாசகர்கள் வியக்கக்கூடும். சாமிநாதர் சபையார் 1236இல் தங்கள் சபை ஒழுங்குகளை மீறுவது பாவமாகாது, தண்டனைக்கு மட்டுமே உரியது என்று வகுத்தார்கள். ஒரு துறவி சிறு ஒழுங்கொன்றைத் தவறவிட்டதற்காக மனச்சாட்சி நொந்து சாகக்கூடாது என்ற நல்லெண்ணமே அதற்குக் காரணம். பின்னர் ஸ்பானிய நாட்டு இயேசு சபைக் குருவான பிரான்சிஸ்கோ சுவாரெஸ், 1612இல் வெளிவந்த தமது சட்டங்கள் பற்றிய பெருநூலில், நாட்டுச் சட்டங்களிலும் இத்தகையவை இருக்கலாம் என்று விரிவாக வாதித்தார். நம் சாரதிகள் அந்நூலைப் படித்தவர்களல்லர். ஆயினும் அந்தக் கொள்கையை அப்படியே கடைப்பிடிக்கிறார்கள்!

துறவி மணியோசைக்குப் பிந்தி வந்தால் நட்டம் அவருக்கே. வீதியில் அப்படியன்று. 50இல் ஓடும் வண்டியைவிட 70இல் ஓடும் வண்டி ஏறக்குறைய இருமடங்கு விசையைச் சுமந்து வருகிறது. ஏனெனில் அது வேகத்தின் வர்க்கத்தோடு பெருகுவது. சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் உயிர்ச்சேத விபத்துக்கான ஆபத்து நூற்றுக்கு நான்கு கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்த ஆபத்தை விரும்பி ஏற்பவர் சாரதி. சம்மதம் கேட்கப்படாமலே அதில் பங்காளியாவது மஞ்சட் கோட்டில் குடையோடு நிற்கும் பாட்டி. தண்டப் பணம் அரசாங்கத்துக்குப் போய்ச் சேரும். பாட்டியின் கணக்கு அதனால் தீருமா? 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதை ஐந்தாம் கற்பனையின் கீழ்தான் வைத்திருக்கிறது. மதுவெறியாலோ வேக மோகத்தாலோ பிறரை ஆபத்துக்குள்ளாக்குவோர் பாரிய குற்றத்துக்கு ஆளாவர் என்கிறது 2290ஆம் எண். விபத்து நடந்தால் மட்டும் என்று அது சொல்லவில்லை.

2005 ஏப்ரல் 27ஆந் திகதி பொல்காவலைக்கு அண்மையில், யாங்கல்மோதரை ரயில் கடவையில், மற்றொரு பஸ்ஸோடு போட்டிபோட்டு ஓடிய பஸ்ஸொன்று கண்டி நோக்கி வந்த ரயிலில் அகப்பட்டது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த மரணங்களைச் சாரதியின் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நாம் கைகழுவலாமா? வசூலுக்குச் சாரதியை ஓடவிடும் முறையைப் பல்லாண்டுகளாக ஏற்றுக்கொண்டவர்கள் யார்? பஸ் ஊர்ந்தால் திட்டுகிறோம்; பறந்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மௌனமாகிறோம். “மெதுவாகப் போங்கள்” என்று பஸ்ஸுக்குள் ஒருவர் உரத்துச் சொல்ல நான் கேட்டது மிக அரிது. சொன்னவரை மற்றவர்கள் பார்த்த பார்வையும் நினைவிருக்கிறது.

அன்று மாலை கம்பளையில் திரும்பி வரக் காத்து நின்றேன். இரண்டு பஸ்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தன. முந்திய பஸ் என் காலடியில் வந்து கிறீச்சிட்டு நின்றது. மற்றது பத்து யார் பின்னால். அதில் இருக்கைகள் காலியாகவும் இருந்தன. கையில் அவசர வேலை எதுவும் எனக்கு இருக்கவில்லை. முந்தி வந்ததில்தான் ஏறினேன்.