தெளிந்த நீர்

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது இன்று வேலம்பாளையத்தின் எளிய இல்லங்களிலும் காணும் காட்சியாகிவிட்டது. நம் இல்லத்திற்கும் அது வந்தது. மகள் பல நாட்களாகக் கேட்டு வந்ததற்கு இணங்கி, இரண்டடி நீளத் தொட்டியொன்றை ஒரு வெள்ளிக்கிழமை மாலை வாங்கி வந்தோம். அன்றிரவே குழாய் நீரை நிரப்பி, நீலக் கற்களைப் பரப்பி, காற்றுக் குமிழி எழுப்பும் கருவியை ஓடவிட்டு, ஆறு தங்கமீன்களை உள்ளே விட்டோம். நீர் பளிங்கெனத் தெளிந்திருந்தது.

மூன்றாம் நாள் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. துடுப்புகள் உடலோடு ஒட்டிக்கொண்டன. "அத்தா, அதுகளுக்குப் பசிக்குது" என்றாள் மகள். நாமும் அவ்வாறே கருதி, இடும் உணவை இரட்டித்தோம். ஐந்தாம் நாள் இரண்டு இறந்து மிதந்தன. அழுக்குத்தான் காரணம் என்று முடிவு கட்டி, நீர் முழுவதையும் கொட்டி, கற்களையும் வடிகட்டும் பஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, மீண்டும் நிரப்பினோம். மேலும் இரண்டு இறந்தன.

இரக்கத்தால் செய்த ஒவ்வொரு செயலும் அவற்றின் துன்பத்தை மிகுவித்தது என்பதைப் பின்னரே படித்தறிந்தோம். மீன் தன் கழிவான அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியே நீரில் விடுகிறது. ஆற்றிலும் குளத்திலும் வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. இத்தகைய நுண்ணுயிர்களை ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி 1890ஆம் ஆண்டளவில் பிரித்துக் காட்டினார். புதுத் தொட்டியில் அவை இல்லை. கல்லிலும் பஞ்சிலும் அவை குடியேறிப் பெருக ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் வேண்டும். அதுவரை அம்மோனியா செவுளைப் புண்ணாக்கும். நைட்ரைட் குருதியில் புகுந்து, அது உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கும். குமிழிகள் எத்தனை எழுந்தாலும் மீனுக்கு மூச்சு முட்டுவது இதனால்தான். நாம் மிகுதியாக இட்ட உணவோ அழுகி நஞ்சைப் பெருக்கியது. அப்போதுதான் தோன்றத் தொடங்கியிருந்த நுண்ணுயிர்களைக் குழாய் நீரின் குளோரினுக்கு நாமே இரையாக்கினோம்.

நண்பர் ஒருவர் நகைத்தார். "ஞாயித்துக்கிழமையானா மீன் வறுத்துச் சாப்பிடறோம் பாய். நாலு மீனுக்கா இத்தனை வருத்தம்?" என்றார். கேள்வி நியாயமானதே. ஆயினும் உணவுக்கெனப் பிடித்த மீனிடம் நாம் எதையும் வாக்களிக்கவில்லை. இவற்றையோ வாழ்வதற்கென்றே கொண்டுவந்தோம். வாழ்வதைக் கண்டு மகிழ்வதற்கே விலை கொடுத்தோம்.

நபித்தோழர் அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் சிறுவராக இருந்தபோது ஒரு சிறு பறவையை வைத்து விளையாடி வந்தார். அது இறந்து அவர் வாடியிருந்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அப்பறவையைப் பற்றி அன்போடு வினவினார்கள். உயிர்களை வளர்க்க இசைவுண்டு என்பதற்கு அறிஞர்கள் இதனைச் சான்று காட்டுவர். பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல், தானே தேடியுண்ண வெளியிலும் விடாமல் சாகடித்த பெண்ணின் செய்தியும் நாம் அறிந்ததே. அவளிடம் இரக்கமில்லை, நம்மிடம் இருந்தது என்று தேறுதல் கொள்ளலாம். அடைபட்ட உயிரின் பக்கம் நின்று பார்த்தால் அந்தத் தேறுதல் நிலைப்பதில்லை. வேறு நீர் தேடிச் செல்ல மீனுக்கும் வழியில்லை.

செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தவை என்பது நம் சிறுவரும் அறிந்த கொள்கை. அதன் நிழலில் ஒதுங்கத்தான் நாமும் முதலில் பார்த்தோம். ஆனால், கடையில் விலையையும் நிறத்தையும் கேட்ட நாம், இது எவ்வாறு உயிர் வாழும் என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றாத எண்ணத்தை நல்லெண்ணம் என்று கூறலாமா? நம் மகிழ்ச்சியின் அவசரத்திற்கே நிய்யத் என்று பெயர் சூட்டிக்கொண்டோமோ என்னும் ஐயம் இன்னும் நீங்கவில்லை.

இவ்வூரார்க்கு இது புதிய பாடமும் அன்று. கழிவு எங்கே போகும் என்று கேளாமல் சாயத்தொழிலைப் பெருக்கியவர்கள் நாம். பாசனத்துக்கென 1992இல் நொய்யலின் குறுக்கே எழுந்த ஒரத்துப்பாளையம் அணையில் அச்சாயநீர் தேங்கியது. எந்த உழவருக்காக அணை கட்டப்பட்டதோ அவர்களே அந்நீரை வேண்டாம் என்றனர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட நேர்ந்தது. ஓடாத நீரில் இட்டது இட்ட இடத்திலேயே இருக்கும் என்பதை அன்றே கண்டிருந்தும், வீட்டுக்குள் ஒரு சிறு அணையைக் கட்டியபோது அது நினைவுக்கு வரவில்லை.

எஞ்சிய இரண்டு மீன்களை, பல ஆண்டுகளாகத் தொட்டி வைத்திருக்கும் அன்பர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். அவருடைய வடிகட்டியிலிருந்து ஒரு துண்டுப் பஞ்சைப் பெற்று வந்து நம் தொட்டியில் இட்டிருக்கிறோம். ஒரு நாள் திறந்து வைத்துக் குளோரின் நீங்கிய நீரையே இப்போது ஊற்றுகிறோம். மீனில்லாத தொட்டியில் குமிழிகள் எழுந்தவண்ணமிருக்க, இது மூன்றாம் வாரம். வருவோர் வியப்போடு பார்க்கின்றனர். மகள் நாள்தோறும் மாலையில் ஒரு சிட்டிகை உணவைத் தூவுகிறாள். அது அழுகித்தான் அந்த நுண்ணுயிர்களுக்கு இரையாக வேண்டும். "மீனே இல்லையே, யாருக்கம்மா போடறே?" என்று அண்டை வீட்டுப் பாட்டி கேட்டார். "கண்ணுக்குத் தெரியாதவங்க இருக்காங்க, பாட்டி" என்றாள்.