ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கலாமா?

ஸுவீடன் நாட்டில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர் குடும்பத்துடன் ஊர் வந்திருந்தார். அவருடைய பத்து வயது மகன் தன் பள்ளி ஆசிரியையைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் வெறும் பெயரையே சொன்னான். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுவானாம். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். "இது அதபுக் குறைவு இல்லையா, ஹஜ்ரத்?" என்று என்னிடம் கேட்டார்கள்.

ஆம் என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. ஆனால், விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்வது ஆலிமுக்கு அழகல்லவே!

அந்த நாட்டில் முன்பெல்லாம் பட்டத்தையும் பதவியையும் சொல்லியே பிறரை விளிப்பார்களாம். 1960-களில் அவ்வழக்கம் தளர்ந்தது. 1967-ல் அரசு மருத்துவ வாரியத்தின் தலைவராக வந்த புரோர் ரெக்ஸட் என்பவர், அலுவலர் அனைவரையும் 'நீ' என்றே அழைக்கப் போவதாக அறிவித்தார். அம்மாற்றத்தை இன்றும் அவர் பெயரோடு சேர்த்தே பேசுகிறார்கள். இப்போது அங்கே மாணவன் ஆசிரியரை மட்டுமல்ல, நோயாளி மருத்துவரையும் பெயரால்தான் அழைக்கிறார். ஆகவே அந்த ஆசிரியை மனம் புண்பட அதில் ஒன்றுமில்லை.

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தம் 'அல்அத்கார்' நூலில், பிள்ளை தந்தையையும் மாணவன் ஆசிரியரையும் பெயர் சொல்லி அழைப்பதைத் தடுத்து ஒரு பாடமே அமைத்துள்ளார்கள். அதை நான் லேசாகக் கருதவில்லை. நம் ஊரில் ஒரு மாணவன் உஸ்தாதைப் பெயர் சொல்லி அழைத்தால் கண்டிக்கவே செய்வேன். இங்கே அது அவமதிப்பு. அவமதிப்பாக யாரும் எண்ணாத ஊரில், ஆசிரியையே விரும்பி ஏற்கும் அழைப்பை எப்படிக் குற்றம் என்பது? அச்சிறுவன் மீது குற்றமில்லை என்றே சொன்னேன்.

இன்னொன்றும் அன்று நினைவுக்கு வந்தது. ளிமாம் பின் ஸஃலபா (ரலி) அவர்கள் ஒட்டகத்தில் வந்திறங்கி, உங்களில் முஹம்மது யார் என்று சபையில் கேட்டார்கள். கடுமையாகக் கேட்பேன், கோபிக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். அண்ணல் நபி (ஸல்) அவர்களோ, விரும்பியதைக் கேளும் என்றார்கள். அதிகம் கேட்பது தடுக்கப்பட்டிருந்ததால், அறிவுள்ள கிராமவாசி யாராவது வந்து கேட்க மாட்டாரா, நாமும் செவியுறலாமே என்று தோழர்கள் ஆவலோடு இருந்ததை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பெயர் சொல்லி வந்த அந்தக் கிராமவாசியால் சபை முழுவதும் பயனடைந்தது.

என் வகுப்பில் என்னை 'ஹஜ்ரத்' என்றுதான் அழைக்கிறார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு மாணவன் எழுந்து, "ஹஜ்ரத், போன வாரம் வேறு மாதிரி சொன்னீங்களே" என்றான். பணிவாகத்தான் கேட்டான். "உட்காரப்பா" என்று அதட்டினேன். "மன்னிக்கணும் ஹஜ்ரத்" என்று உட்கார்ந்துவிட்டான். இரவு கிதாபைப் புரட்டினேன். தவறியது நான்தான். மறுநாள் வகுப்பிலேயே அதைச் சொன்னேன். இப்போதும் ஸலாம் சொல்லிக் கையைப் பற்றி முத்தமிடுகிறான். சந்தேகம் மட்டும் கேட்பதில்லை.