பழைய லென்ஸும் மீன்கொத்தியும்

சோவியத் நாட்டின் 'ஃபோட்டோஸ்னைப்பர்' கேமராவைத் துப்பாக்கிபோலத் தோளில் அணைத்துத்தான் பிடிக்க வேண்டும். அதில் பொருத்தியிருந்த தைர்-3, 300 மி.மீ. லென்ஸ். இன்றைய மிரர்லெஸ் கேமராவிலும் ஒரு வளையத்தை இடையே வைத்து அதை மாட்டிவிடலாம். புதிய டெலி லென்ஸ் ஒன்றின் விலையோடு பார்த்தால் பழைய லென்ஸுக்கும் வளையத்துக்கும் ஆகும் செலவு அற்பம்.

ஆனால் ஃபோகஸை நம் விரல்தான் திருப்ப வேண்டும். ஐந்து மீட்டரில் இருக்கும் பறவையை எஃப்/4.5-இல் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 5 செ.மீ. மட்டுமே, கண் துல்லியமாக இருக்க, வால் மங்கிப்போகும். ஆகவே பறவையைத் துரத்தாமல் அதன் வழக்கத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. மீன்கொத்தி நீரில் பாய்ந்த பிறகு பெரும்பாலும் பழைய கிளைக்கே திரும்பும். அது இல்லாதபோதே கிளைமேல் ஃபோகஸை வைத்துவிட்டுக் காத்திருக்கலாம். கொக்கும் நாரையும் இன்னும் தயவானவை, அசையாமல் நிற்கும். தகைவிலான் பறப்பதை இதில் பிடிக்க நினைப்பது வீண் ஆசை என்பேன். அதற்குத் தானியங்கி ஃபோகஸே சரி.

வெயிலில் வெண்கொக்கின் ஓரத்தில் ஊதாக் கோடு படியும். எஃப்/8-க்கு இறக்கினால் ஓரளவு குறையும். வாங்குமுன் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். விலை மலிவாக இருப்பதற்குப் பல நேரம் அதுதான் காரணம்.