எல்லாளன் மேட்டில் யார்?

அநுராதபுரத்தின் தெற்கே பெரியதொரு செங்கல் மேடு. எல்லாளனின் சமாதி என்றே தலைமுறைகளாகச் சொல்லிவந்தார்கள். தோற்று மடிந்த அந்தச் சோழ மன்னனுக்குத் அவனை வென்ற சிங்கள மன்னன் துட்டகைமுனு நினைவிடம் எழுப்பி, அதைக் கடக்கையில் மேளதாளம் ஓயச் செய்தான் என்கிறது மகாவம்சம்.

பிரிட்டிஷாருக்கு எதிரான 1818 கிளர்ச்சி தோற்றபின் தப்பியோடிய கண்டிப் பிரதானி பிலிமத்தலாவை, களைத்திருந்தும் அந்த மரியாதைக்காகப் பல்லக்கிலிருந்து இறங்கி நடந்தார். சமாதி இருக்கும் இடம் அவருக்குச் சரியாகத் தெரியாது. தாண்டியாயிற்று என்று உறுதியாகும்வரை நடந்துகொண்டே இருந்தார். மேஜர் ஃபோர்ப்ஸ் 1840இல் வெளியிட்ட நூல் இதைச் சொல்கிறது.

1940களில் தொல்லியலாளர் பரணவிதான இந்த மேட்டை அகழ்ந்தார். இது தக்கிண தூபி என்னும் பௌத்தத் தூபி என்றார். கிடைத்த சாம்பலைத் துட்டகைமுனுவோடு இணைத்தார். ஆய்வாளர் ஜேம்ஸ் இரத்தினம் 1981இல் எல்லாளன் பக்கம் நின்று எழுதினார். சாம்பலுக்கும் இனம் பார்த்த காலம் அது!

உள்ளே இருப்பவர் வேறொருவர் என்றால், பிலிமத்தலாவை நடந்தது வீணா?

கிழக்கிலங்கையின் முஸ்லிம் ஊரான ஓட்டமாவடியில் கேட்டால் நிய்யத்தைப் பார்க்கச் சொல்வார்கள். செயலை எண்ணத்தால் நிறுக்கும் மார்க்கம் இஸ்லாம். அந்தக் கணக்கில் அவர் நடை பழுதில்லை. ஆனால் அவ்வூர் மஜ்மா நகரின் கபுறுகளில், அதாவது புதைகுழிகளில், சிக்கல் வேறு. இறந்தவர் யாரென்பதில் ஐயமில்லை, மண்தான் மறுக்கப்பட்டது. 2020இல் கொரோனாவில் இறந்தவர்களின் ஜனாஸாக்களை, அதாவது உடல்களை, அரசு கட்டாயமாக எரித்தது. 2021 மார்ச்சில்தான் இங்கே அடக்கம் தொடங்கியது. தீவெங்கிலுமிருந்து 3,000க்கும் மேற்பட்ட உடல்கள் வந்தன. எரித்ததற்கு மன்னிப்புக் கோர அமைச்சரவை இசைந்தது 2024 ஜூலையில்.