அச்சுப்பொறியும் ஆப்தரின் சொல்லும்

வீட்டிற்கு நம்பகமான அச்சுப்பொறியைத் தேர்வது வெறும் வாங்கும் செயலாகத் தோன்றினாலும், இன்னும் நிகழாத ஒன்றை, அதாவது அப்பொறி பல ஆண்டுகள் பழுதின்றி உழைக்கும் என்பதை, எவ்வாறு அறிய இயலும் என்னும் ஆழ்ந்த வினா அதனுள் அடங்கியுள்ளது. அருணந்தி சிவாச்சாரியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய சிவஞான சித்தியார், அளவைகள் எனப்படும் அறியும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறது. கடையில் அச்சிட்டுக் காட்டப்படும் மாதிரித் தாள் காண்டலின்பாற்படும். அது அன்றைய நிலையை மட்டுமே உணர்த்தும்.

கருதல், அதாவது காரணங்கொண்டு விளைவை உய்த்துணர்தல், இங்கு வலிமை மிக்கது. இன்க்ஜெட் பொறி திரவ மையை நுண்துளைகளின் வழியே தெளிப்பதால், வாரக்கணக்கில் இயக்கப்படாதபோது மை உலர்ந்து துளைகள் அடைபடக்கூடும்; லேசர் பொறியின் டோனர் தூளாதலின் அதற்கு அக்குறை இல்லை. எனவே எப்போதாவது சில கறுப்பெழுத்துப் பக்கங்களை மட்டும் அச்சிடும் இல்லத்திற்குக் கறுப்பு-வெள்ளை லேசர் பொறியே தக்கது. வண்ணப் பக்கங்களை அடிக்கடி அச்சிடுவோர்க்கு மைத்தொட்டி வகை பொருந்தும்.

உரை, அதாவது பிறர் சொல்லைக்கொண்டு அறிதல், இங்கே பெரிதும் ஆராயத்தக்கது. பொருளை உள்ளவாறு அறிந்து, அறிந்தவாறே கூற விரும்புபவரை நியாய தரிசனம் ஆப்தர் என்கிறது. விற்பவர் நன்கு அறிந்தவராயினும் விற்பனையில் ஆதாயம் உடையவர். டோனர் பெட்டியின்மேல் காணும் பக்க எண்ணிக்கையோ, ஐஎஸ்ஓ 19752 தரமுறைப்படி தொடர்ச்சியாக அச்சிட்டு அளக்கப்படுவதாதலின், விட்டுவிட்டு அச்சிடும் வீட்டிற்கு அப்படியே பொருந்தாது. அதே பொறியைச் சில ஆண்டுகள் பயன்படுத்திய, ஆதாயம் ஏதுமற்ற அண்டை வீட்டாரின் சொல்லே இவ்வகையில் ஆப்தவாக்கியமாகக் கொள்ளத்தக்கது.