விட்டுவிடுதலும் பேணுதலும்

ஓர் உயிரிடம் அன்புடையவர் அதனை அருகிருந்து பேண வேண்டுமா, அன்றி அதன் போக்கில் விட்டு விலகி நிற்க வேண்டுமா? டோக்கியோ நகரிலுள்ள மெய்ஜி ஜிங்கூ என்னும் ஷிந்தோ ஆலயத்திற்குச் செல்வோர் இவ்வினாவின் இரு பக்கங்களையும் ஒரே வளாகத்தில் காணலாம்.

மெய்ஜி பேரரசர் 1912இலும், பேரரசி ஷோகென் 1914இலும் மறைந்தனர். அவர்கள் நினைவாக 1920இல் இவ்வாலயம் எழுந்தது. சுமார் 70 ஹெக்டேர் பரப்பில் அதனைச் சூழ்ந்துள்ள அடர்ந்த கானகம் தானே முளைத்ததன்று. நாடெங்கிலுமிருந்து மக்கள் காணிக்கையாக அனுப்பிய ஏறத்தாழ 1,00,000 மரங்களைத் தொண்டு செய்ய வந்த இளைஞர்கள் நட்டு உருவாக்கியது.

அக்காலப் பிரதமர் ஓகுமா ஷிகெநொபு, வானளாவும் சுகி என்னும் ஊசியிலை மரங்களையே விரும்பினார். ஹோண்டா செய்ரோகு முதலிய வனவியல் அறிஞர்கள் உடன்படவில்லை. நகரத்துப் புகையும் மண்ணும் சுகிக்கு ஒவ்வா. ஓக், கற்பூர மரம் போன்ற அகன்ற இலையுடைய பசுமை மரங்களே தம் விதையால் தாமே பெருகும் என்றனர். பிரதமரின் ஆசைக்கு மேலாக மண்ணின் இயல்பை வைத்த அத்துணிவு பெரிதும் போற்றத்தக்கது. நட்டபின் கானகத்தில் கைவைக்காதிருத்தலே நெறியாயிற்று. 1945இல் குண்டுவீச்சில் ஆலயத்தின் முதன்மைக் கட்டடங்கள் எரிந்தன; 1958இல் மீண்டும் கட்டப்பெற்றன. கானகமோ பெரும்பாலும் தப்பி நின்றது.

அவ்வளாகத்தின் உள்தோட்டத்தில் நிலை வேறு. பேரரசிக்காகப் பேரரசர் அமைக்கச் செய்த ஐரிஸ் மலர்ப் பாத்திகள் அங்குள்ளன. ஜூன் திங்களில் மலரும் அவை, மனிதர் பல தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்த வகைகள். களை நீக்கி, முதிர்ந்த கிழங்குகளைப் பிரித்து நடாவிடில் மெலிந்துவிடும். அவற்றை அவற்றின் போக்கில் விடுதலுக்குக் கருணை எனப் பெயரிட இயலுமா? கைவிடுதல் என்றே கூற வேண்டும்.

பேணுதல் யாவும் பற்றே, விலகுதல் யாவும் துறவே எனச் சிலர் எளிதாகக் கூறிவிடுவர். (முதியோரையும் மக்களையும் கவனியாதார்க்கு இது வசதியான தத்துவம்!) கானகத்தினின்று விலகியோர், தன் வலிமையால் நிற்க வல்லது எதுவென ஆராய்ந்து நட்ட பின்னரே விலகினர். நம்மைச் சார்ந்து வாழுமாறு நாமே பழக்கிய உயிரிடத்து அவ்வுரிமை நமக்கு எவ்வாறு வரும்?

அங்கே பாதையைப் பெருக்கும் பணியாளரையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உதிர்ந்த இலைகளை அவர் எரிப்பதுமில்லை, வெளியே கொட்டுவதுமில்லை. நீண்ட துடைப்பத்தால் கூட்டி, மரங்களின் அடியிலேயே சேர்த்துவிடுகிறார். கானகத்தைத் தொடாதிருப்பதற்கும் நாள்தோறும் ஒருவர் உழைக்க வேண்டியிருக்கிறது.