கடல் கடந்த சரியை

ஆங்கிலேயர் ஆட்சியில் 1860 முதல் 1911 வரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்கட்கு ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற தமிழர்தம் வழித்தோன்றல்களுள் இன்று தமிழ் பேசுவார் சிலரே. ஆயினும் ஆண்டுதோறும் தைப்பூசக் காவடி எடுக்கப்படுகின்றது. பொருளறியாது செய்யுமிதனைச் சைவமென்னலாமோவெனின், ஆமென்பேம்.

ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது. கூலித்தொழிலையே சார்ந்து ஒழியற்பாலதாகிய உயிர், மெய்யால் முருகனைச் சார்ந்து நிலைபெற்றது. நா மறந்ததனை மெய் மறந்திலது. மெய்யின் தொண்டே சரியை. மாறின இடமும் மொழியும், மாறாதது சார்பு.

அற்றேல், நூலறிவு வேண்டாவோவெனின், வேண்டும். சரியை முதற்படி, ஞானமே வீடு தருவது. அவர் காத்த சரியையின் பொருளை அவரறியும் மொழியிலேனும் எழுதிச் சேர்த்தல் நூலுடைய நங்கடன். அரும்பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, பெறாதாரை இகழ்தல் அறமன்று.